கையெழுத்து யார் போடுவார்கள்?

போர், கலவரம், பூகம்பம், வெள்ளம் என்று எதிலாவது சிக்கி வீடிழந்த குழந்தைகளுக்குக் கல்வித் திட்டங்களை விரிவாக்க வேண்டும் என்று பேசாத பெரிய மனிதர் இன்று உலகத்தில் இல்லை. 2016-ல் இஸ்தான்புல்லில் ஒரு பெரிய மாநாடு போட்டு, இதற்கென்றே ஒரு நிதியமும் ஆரம்பித்தார்கள். அந்த நிதியம் 2025 ஜனவரியில் ஒரு கணக்குக் கொடுத்தது. இப்படி நெருக்கடியில் மாட்டிக்கொண்ட பள்ளி வயதுக் குழந்தைகள் 23 கோடியே 40 லட்சம். அதில் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர்கள் 8 கோடியே 50 லட்சம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த ஜனத்தொகையே 7 கோடியே 20 லட்சம்தான். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

ஆகவே விரிவாக்கட்டும். தாராளமாக விரிவாக்கட்டும். அதில் எனக்கு எதிர்ப்பு இல்லை. எதை விரிவாக்குகிறார்கள் என்பதில்தான் என் சண்டை.

இந்தத் திட்டங்களின் அறிக்கைகளைப் படித்துப் பார்த்தால் எண்ணிக்கைக்குக் குறைவே இருக்காது. இத்தனை கூடாரங்கள், இத்தனை புத்தகப் பைகள், இத்தனை குழந்தைகள் சேர்க்கை. ஒரே ஒரு எண்ணிக்கையைத் தேடினால்தான் கிடைப்பதில்லை. இவ்வளவு வருஷம் உட்கார்ந்து படித்த பிள்ளைகளில் எத்தனை பேர் கையில், இன்னொரு பள்ளிக்கூடமோ கல்லூரியோ ஒரு ஆபீஸோ வாங்கிப் பார்த்து ஒப்புக்கொள்ளக்கூடிய காகிதம் இருக்கிறது? அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டது யார்?

"குமாஸ்தா புத்தி போகாது" என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். முப்பது வருஷத்துக்கு மேல் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தவன் என்பதால்தான் சொல்கிறேன். காகிதம் இல்லாதவன் எவ்வளவு படித்திருந்தாலும் ஜன்னலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். ஜன்னலுக்கு உள்ளே இருப்பவனுக்கு இரக்கம் இருந்தாலும், அவன் கோப்பில் எதை வைப்பான்? இரக்கத்தைக் கோப்பில் வைக்க முடியாது.

முதலில் வங்காளதேசத்தைப் பார்ப்போம். 2017 ஆகஸ்டிலிருந்து சில மாதங்களுக்குள் மியான்மரிலிருந்து ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் காக்ஸ் பஜார் பக்கம் ஓடி வந்தார்கள். அவ்வளவு பேருக்கு இடம் கொடுத்தது பெரிய மனசு. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் குழந்தைகள் விஷயத்தில் என்ன நடந்தது? முகாமுக்குள் முறையான பள்ளிக்கூடம் கூடாது, வங்காள மொழியில் நாட்டுப் பாடத்திட்டத்தைச் சொல்லித்தரக் கூடாது என்று அரசாங்கம் முடிவு செய்தது. 2019 ஆரம்பத்தில், வெளியே உள்ளூர்ப் பள்ளிகளில் எப்படியோ சேர்ந்து படித்துக்கொண்டிருந்த ரோஹிங்கியாப் பிள்ளைகளையும் தேடிப்பிடித்து வெளியே அனுப்பினார்கள்.

அதற்குப் பதிலாக வந்தவைதான் 'கற்றல் மையங்கள்'. பெயரைக் கவனியுங்கள். பள்ளிக்கூடம் என்று சொல்லக் கூடாதாம். மூங்கில் கொட்டகை, தார்ப்பாய்க் கூரை, ஒரு வேளைக்கு நாற்பது குழந்தைகள், ஆளுக்கு இரண்டு மணி நேரம். பாட்டு, படம், கொஞ்சம் எண், கொஞ்சம் எழுத்து. ஆயிரக்கணக்கில் திறந்தார்கள். புகைப்படத்துக்கு மிக அழகாக இருக்கும்.

2020 ஜனவரியில் மியான்மர் பாடத்திட்டத்தைச் சொல்லித்தர அனுமதி வந்தது. கொரோனாவால் தள்ளிப்போய் 2021 கடைசியில்தான் தொடங்கியது. பெற்றவர்களில் பலர் கேட்டதும் அதைத்தான். என்றாவது ஒருநாள் ஊர் திரும்புவோம், பிள்ளைக்குப் பர்மியப் படிப்பு வேண்டும் என்பது அவர்கள் நியாயம். 2023 ஜூலையில் மூன்று லட்சம் குழந்தைகள் அந்தப் பாடத்திட்டத்தில் சேர்ந்ததாகப் பெருமையாக அறிவித்தார்கள். சரி, மூன்று லட்சம். அவர்களுக்குப் பரீட்சை வைத்துச் சான்றிதழ் தருவது யார்? வங்காளதேசம் தராது, ஏனென்றால் அது அவர்கள் பாடத்திட்டம் இல்லை. மியான்மர் தராது. 1982 குடியுரிமைச் சட்டத்தில் இந்தப் பிள்ளைகளின் தாத்தாவையே பிரஜை என்று ஏற்காத நாடு, பேரனின் மார்க் பட்டியலில் முத்திரை குத்துமா?

ஆக, ஒரு தேசத்தின் பாடத்தை இன்னொரு தேசத்தின் மண்ணில் படிக்கிறான். இரண்டு தேசமும் கையெழுத்துப் போடாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே சுரைக்காயை ஏட்டில்கூட ஏற்றவில்லை.

அதுவாவது நிலைத்ததா? இல்லை. 2025 நடுவில் வெளிநாட்டுப் பணம் வற்றியதும் கற்றல் மையங்களில் பெரும்பகுதியை நிறுத்தி வைத்தார்கள். உள்ளூர் வங்காளதேச ஆசிரியர்கள் ஆயிரத்துக்கு மேல் வேலை இழந்தார்கள். அரசாங்கத்தின் பட்டியலில் இல்லாத பள்ளியை மூட அரசாணைகூடத் தேவையில்லை. குழாயை மூடினால் போதும்.

அடுத்தது லெபனான். இங்கேதான் என் சொந்தப் படிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். வீட்டில் முழுக்கத் தமிழ். வாய்ப்பாடு வீட்டில் "ஏழு எட்டு ஐம்பத்தாறு". வகுப்பில் "செத் ஃபுவா உய்த், சேங்காந்த் சீஸ்". ஐந்து வயதில் ஆரம்பித்ததால் நாக்கு வளைந்துவிட்டது. கணக்கு எனக்குக் கஷ்டமில்லை. கணக்கைச் சொல்லியிருக்கும் வாக்கியம்தான் கஷ்டம். ரயில் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று கண்டுபிடிப்பதற்கு முன்னால், ரயில் கிளம்பியதா வந்ததா என்று புரிய வேண்டுமே!

லெபனான் பள்ளிகளில் கணக்கும் அறிவியலும் பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோதான் சொல்லித்தருவார்கள். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன வழக்கம். ஒன்பதாம் வகுப்பு முடிவில் எழுதும் அரசுப் பரீட்சைக்குக்கூட அங்கே 'பிரவே' என்றுதான் பெயர். நம் ஊர்ப் பழைய ஆட்களுக்கு இந்த வார்த்தையைக் கேட்டதும் வயிறு கலங்கும். சிரியாவிலோ எல்லாப் பாடமும் அரபு மொழியில். அங்கே ஆறாம் வகுப்பு வரை முதல் மாணவனாக இருந்த பிள்ளை, எல்லை தாண்டி வந்து பெய்ரூட்டில் உட்கார்ந்தால், அவனுக்குத் தெரிந்த பின்னமும் சதவீதமும் தெரியாத பாஷையில் வருகிறது. பன்னிரண்டு வயதில் அந்தச் சுவரை ஏறுவது எப்பேர்ப்பட்ட வேலை என்று நமக்குத் தெரியும்.

லெபனான் செய்ததில் பாதி நல்ல காரியம். 2013-லிருந்து தன் அரசுப் பள்ளிகளிலேயே மத்தியானத்துக்கு மேல் இரண்டாம் ஷிப்ட் வைத்து சிரியப் பிள்ளைகளைச் சேர்த்தது. கொட்டகை இல்லை, நிஜப் பள்ளிக்கூடம், நிஜ வாத்தியார், நிஜப் பாடத்திட்டம். இன்னொரு பாதிதான் கெட்டது. 2015-லிருந்து பதினைந்து வயது ஆனவர்களுக்குத் தங்கும் அனுமதிக்கு வருஷத்துக்கு 200 டாலர் கட்டணம். கூலி வேலை செய்யும் குடும்பம் எங்கே போகும்? அனுமதி இல்லை என்றால் மேல்நிலை வகுப்பில் சேர்வதும் பரீட்சை எழுதுவதும் இழுபறி. 2015–16-ல் அங்கே பதினைந்திலிருந்து பதினெட்டு வயதுள்ள சிரிய அகதிகளில் அரசு மேல்நிலைப் பள்ளியில் இருந்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. கீழே வாசலை அகலமாகத் திறந்து வைத்துவிட்டு, மாடிப்படியில் ஆள் நிறுத்தி டிக்கெட் கேட்டார்கள்.

இது லெபனானில் மட்டும் இல்லை. 2019-ல் ஐ.நா. அகதிகள் ஆணையம் சொன்ன கணக்குப்படி, உலகத்தில் அகதிக் குழந்தைகளில் ஆரம்பப் பள்ளியில் இருந்தவர்கள் நூற்றுக்கு 63. உயர்நிலையில் 24. கல்லூரியில் 3. அதற்குப் பிறகு எண்கள் கொஞ்சம் கூடியிருக்கின்றன. ஆனால் ஏணியின் ரூபம் மாறவில்லை. 63-ஐ 70 ஆக்குவதைத்தான் 'விரிவாக்கம்' என்கிறார்கள். அந்த எழுபது பேரும் எங்கே போய் விழுகிறார்கள் என்று கேட்டால் பேச்சில்லை.

நடக்கவே நடக்காததையா நான் கேட்கிறேன்? நடந்திருக்கிறது. பாலஸ்தீன அகதிகளுக்கென்று ஐ.நா. நிறுவனம் 1950-ல் வேலையைத் தொடங்கியது. அது தன் பள்ளிகளில் தனியாக ஒரு பாடத்திட்டத்தைக் கண்டுபிடிக்கவில்லை. ஜோர்டானில் ஜோர்டான் பாடம், லெபனானில் லெபனான் பாடம், சிரியாவில் சிரியப் பாடம். பிள்ளைகள் அந்தந்த நாட்டு அரசுப் பரீட்சையை எழுதினார்கள். எழுபது வருஷத்தில் அந்த முகாம்களிலிருந்து டாக்டரும் எஞ்சினியரும் வாத்தியாரும் வளைகுடா நாடெங்கும் போனார்கள் என்றால், அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் போனார்கள். காஸாவில் 2024-ல் சுமார் 39 ஆயிரம் பிள்ளைகள் பள்ளி இறுதிப் பரீட்சை எழுத முடியாமல் போனார்கள். குண்டுக்கு நடுவிலும் அந்தப் பெற்றோர்கள் பரீட்சையைப் பற்றிக் கவலைப்பட்டது ஏன்? அதன் மதிப்பு அவர்களுக்குத் தெரியும்.

கென்யாவில் 1990-களின் தொடக்கத்திலிருந்து தாதாப், காகுமா முகாம்கள் இருக்கின்றன. சோமாலியாவிலிருந்தும் சூடானிலிருந்தும் வந்த பிள்ளைகள் அங்கே கென்யப் பாடத்தைப் படித்துக் கென்ய அரசுப் பரீட்சையையே எழுதுகிறார்கள்.

அவ்வளவு தூரம் எதற்கு? 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குழந்தைகளைத் தமிழ்நாடு அரசு முகாமுக்குப் பக்கத்திலிருந்த அரசுப் பள்ளிகளில் உள்ளூர்ப் பிள்ளைகளோடு சேர்த்தது. அதே பெஞ்சு, அதே வினாத்தாள், அதே மதிப்பெண் பட்டியல். 1991-க்குப் பிறகு சில வருஷம் உயர்கல்விக் கதவைச் சாத்தியதும் உண்டு, பிறகு திறந்தார்கள். குடியுரிமை இல்லாததால் படித்து முடித்தும் அரசு வேலைக்குப் போக முடியாத வேதனை இன்றும் இருக்கிறது. ஆனாலும் அந்த முகாம்களிலிருந்து பட்டதாரிகள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். யாரும் அவர்களுக்கென்று மூங்கில் கொட்டகை போட்டு அதற்குக் 'கற்றல் மையம்' என்று பெயர் வைக்கவில்லை. அதனால்தான் வந்தார்கள்.

நம் புதுச்சேரிக் கதையும் இதுதான். 1954-ல் நிர்வாகம் கைமாறியது. 1956-ல் இந்தியாவும் பிரான்சும் கையெழுத்திட்ட ஒப்படைப்பு ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். பக்கலொரேயா, பிரவே போன்ற பிரெஞ்சுச் சான்றிதழ்களை மேற்படிப்புக்கும் அரசு வேலைக்கும் இந்தியா ஏற்கும் என்று அதில் ஒரு ஷரத்து இருக்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் உட்கார்ந்து, "கொடி மாறினால் இந்தப் பிள்ளைகளின் படிப்பு என்ன ஆவது?" என்று யோசித்திருக்கிறான். கொடி மாறியது, காகிதம் செல்லுபடியானது. அந்த ஒரு ஷரத்து இல்லையென்றால் நானும் என்னோடு படித்தவர்களும் இந்திய சர்க்கார் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியேதான் நின்றிருப்போம். சில லட்சம் ஜனங்களுக்காக இரண்டு சர்க்கார் உட்கார்ந்து அதை எழுத முடிந்தது. இன்று எட்டரைக் கோடிக் குழந்தைகளுக்காக எழுத முடியாதா?

இனி, வழக்கமாக வரும் மூன்று ஆட்சேபணைகள்.

ஒன்று: "சுவர் இருந்தால்தானே சித்திரம்? முதலில் சோறு, மருந்து, கூரை. படிப்பெல்லாம் பிறகு." இதைச் சொல்பவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் அந்தப் 'பிறகு' எப்போது வரும்? 2017-ல் முகாமில் பிறந்த குழந்தைக்கு இப்போது எட்டு வயது தாண்டிவிட்டது. தாதாப் முகாமில் பேரன் பேத்தி பிறந்துவிட்டார்கள். சோறு இன்றைக்குப் போடாவிட்டால் உயிர் போகும், உண்மை. ஆனால் ஆறு வயதில் கொடுக்க வேண்டிய படிப்பைப் பதினாறு வயதில் கொடுக்க முடியாது. உலகத்தில் மனிதாபிமான உதவியாகப் போகும் பணத்தில் படிப்புக்கு நூற்றுக்கு ஐந்து ரூபாய்கூடப் பெரும்பாலும் போவதில்லை. அந்த ஐந்து ரூபாயைப் பிடுங்கியா சோறு போட வேண்டும்?

இரண்டு: "சான்றிதழ் கொடுத்தால் இங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள்." அரசாங்கங்கள் வெளியே சொல்லாமல் மனசுக்குள் வைத்திருக்கும் பயம் இதுதான். கொஞ்சம் யோசித்தால் எல்லாம் தலைகீழ். எந்த ஊரிலும் செல்லக்கூடிய காகிதம் உள்ளவன்தான் கிளம்பிப் போவான், ஊர் திரும்பினாலும் அதை வைத்து ஒரு வேலை தேடிக்கொள்வான். ஒன்றும் இல்லாதவன் எங்கே போவான்? அவன்தான் முகாமிலேயே கிடப்பான். ஆள்கடத்துபவனும் துப்பாக்கிக்காரனும் வந்து கூப்பிடும்வரை.

மூன்று: "நம் பிள்ளைகளுக்கே வாத்தியார் இல்லை, இதில் அவர்களுக்கு வேறா?" இதுதான் வலுவான கேள்வி. அகதிகளைத் தாங்குகிற நாடுகளில் பல நம்மைப் போலவோ நம்மைவிடவோ ஏழை நாடுகள். அதனால்தான் சொல்கிறேன், அந்தப் பணத்தைத் தனிக் கொட்டகையில் கொட்டாதீர்கள். பக்கத்திலிருக்கும் அரசுப் பள்ளிக்குக் கொடுங்கள். நான்கு வகுப்பறை கூடுதலாகக் கட்டுங்கள். பாஷை தெரியாமல் வரும் பிள்ளைக்கு ஒரு வருஷம் பாஷை மட்டும் சொல்லித்தர ஒரு ஆசிரியரைப் போடுங்கள். ஒரு கிணறு வெட்டினால் இரண்டு தெருவும் தண்ணீர் பிடிக்கும். வெளிநாட்டுப் பணம் நின்றாலும் கட்டடம் நிற்கும், ஆசிரியர் பதவி அரசுப் பட்டியலில் இருக்கும்.

சட்டம் இல்லாத குறையும் இல்லை. 1951 அகதிகள் ஒப்பந்தத்தின் 22-ஆம் பிரிவு ஆரம்பக் கல்வியைச் சொந்தப் பிரஜைக்குச் சமமாகக் கொடு என்கிறது. மேல்படிப்பில் வெளிநாட்டுச் சான்றிதழ்களை ஏற்பதைப் பற்றியும் அதிலேயே இருக்கிறது. வங்காளதேசமும் லெபனானும் இந்தியாவும் அதில் கையெழுத்துப் போடவில்லை என்று தப்பிக்கலாம். ஆனால் 1989-ன் குழந்தை உரிமை உடன்படிக்கையில் மூன்றும் சேர்ந்திருக்கின்றன. அதன் 28-ஆம் பிரிவு கல்வியை எல்லாக் குழந்தைகளின் உரிமை என்கிறது, பிரஜைகளின் குழந்தைகள் என்று சொல்லவில்லை. கல்லூரிப் படிப்பைப் பற்றி யுனெஸ்கோவின் ஒரு உலக உடன்படிக்கை 2023 மார்ச்சில் அமலுக்கு வந்தது. கையில் ஆவணம் இல்லாத அகதியின் படிப்பையும் சோதித்து ஏற்க வழி செய் என்று அது சொல்கிறது. நல்லது. ஆனால் நூற்றுக்கு மூன்று பேர், ஏழு பேர் எட்டும் மாடிக்குத்தான் அந்த விளக்கு. கீழே பத்தாம் வகுப்பில் இருட்டில் நிற்பவனுக்கு அப்படி ஒரு உடன்படிக்கையை யார் எழுதப் போகிறார்கள்? அதை எழுதட்டும், பிறகு விரிவாக்கத்தைப் பற்றி மாநாடு போடட்டும்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களில் பலர் பென்ஷன் வாங்குகிறவர்கள். சிலருக்குப் பிரான்சிலிருந்தும் வருகிறது. மாசாமாசம் ஏதாவது ஒரு குழந்தைகள் நிதிக்கு ஐந்நூறோ ஆயிரமோ அனுப்புகிறவர்களையும் எனக்குத் தெரியும். நல்ல காரியம், நிறுத்தாதீர்கள். அடுத்த முறை அனுப்புவதற்கு முன்னால் ஒரு கடிதம் எழுதி மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பிள்ளை எந்த அரசாங்கத்தின் பரீட்சையை எழுதப் போகிறான்? அந்தப் பரீட்சை எந்தப் பாஷையில் இருக்கும், அதை அவனுக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறதா? தேறினால் சான்றிதழில் கையெழுத்துப் போடுவது யார்?

வண்ணப்படம் போட்ட நன்றிக் கடிதம் வந்தால் அது பதில் இல்லை. ஒரு பதவியின் பெயரும் முத்திரையும் எழுதி வந்தால் அதுதான் பதில். அவர்களுக்குக் கொடுங்கள்.